அது பூப்பு அல்ல

மூன்று வயதோ நான்கு வயதோ ஆன பெண் குழந்தை. குளிப்பாட்டுவதற்காக உடையை அவிழ்க்கும் அம்மா, ஜட்டியில் இரத்தக் கறையைப் பார்க்கிறாள். எங்கேயாவது விழுந்தாளா, நகம் பட்டதா, பூச்சி கடித்ததா என்று தேடுகிறாள். காயம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று நாளில் கசிவு நின்றுவிடுகிறது. குழந்தையின் மார்பு லேசாகத் தடித்திருப்பதும், காம்பைச் சுற்றிக் கறுத்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. சில மாதம் கழித்து மறுபடியும் அதே கறை. மெக்கூன்–ஆல்பிரைட் நோய் என்கிற அரிய மரபணுக் கோளாறு பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது.

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு போன்ற ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்பதை இந்தப் பக்கத்தில் வளர்ந்த எவரும் ஊகித்துவிடலாம். "இந்தக் காலத்துப் புள்ளைங்க சீக்கிரமே வயசுக்கு வந்துடுதுங்க, எல்லாம் பிராய்லர் கோழி பண்ற வேலை" என்று ஒரு குரல். "யாருகிட்டயும் மூச்சு வுடாத, நாளைக்குக் கட்டிக் குடுக்க வேணாமா" என்று இன்னொரு குரல். அம்மாவின் மனசுக்குள்ளோ அதைவிடக் கொடிய சந்தேகம் ஒன்று சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டிருக்கும். மருத்துவரிடம் போவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இது பூப்பு அல்ல என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. பூப்பு மூளையில் தொடங்குவது. இந்தக் குழந்தையின் மூளை இன்னும் குழந்தையின் மூளையாகவே இருக்கிறது. சினைப்பை மட்டும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து தள்ளுகிறது. இந்த வேறுபாடு பிடிபடாமல் போனால் தவறான ஊசி போடப்படும், சில நேரம் நல்ல சினைப்பையே அறுத்து எடுக்கப்பட்டுவிடும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இயல்பான வழி எது? மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ், எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகு துடிப்புத் துடிப்பாக ஒரு ஹார்மோனை அனுப்பத் தொடங்குகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், மார்பு வளரும், உயரம் கூடும், கடைசியில் மாதவிலக்கு வரும். வீராணம் ஏரிப் பாசனக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கீழணையில் திறந்தால்தான் வடவாற்றில் தண்ணீர் வரும். ஏரி நிரம்பியிருந்தாலும் மேலிருந்து உத்தரவு வந்த பிறகே மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஷட்டரை ஏற்றுவார், அளவு முடிந்ததும் இறக்கிவிடுவார்.

சினைப்பையின் ஒவ்வொரு உயிரணுவிலும் அப்படியொரு மதகு இருக்கிறது. அதன் பெயர் ஜி.எஸ். ஆல்ஃபா புரதம். உயிரணுவின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியில் எஃப்.எஸ்.எச். வந்து அமர்ந்ததும், உட்புறத்தில் இருக்கும் இந்தப் புரதம் ஜி.டி.பி. என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு 'திறந்த' நிலைக்குப் போகிறது. உடனே உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறு பெருகும். அந்தச் செய்தி பரவினால் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி நடக்கும். நுட்பம் இதற்கு அடுத்ததில்தான் இருக்கிறது. இந்த மதகை இறக்க லஸ்கர் வரவேண்டியதில்லை. பிடித்திருக்கும் ஜி.டி.பி.யை அந்தப் புரதமே வெட்டிவிடுகிறது. வெட்டிய கணத்தில் மூடிக்கொள்கிறது. திறப்பதற்கு உத்தரவு வேண்டும், மூடுவது தானாக நடக்கும்.

மெக்கூன்–ஆல்பிரைட் நோயில் பழுதாவது மூடும் வேலைதான். ஜி.எஸ். ஆல்ஃபா புரதம் ஏறத்தாழ 394 அமினோ அமிலங்கள் கோத்த சரடு. அதில் 201ஆவது இடத்தில் அர்ஜினின் இருக்க வேண்டும். ஜி.டி.பி.யை வெட்டுவதற்கு அதுதான் இன்றியமையாதது. 20ஆவது குரோமோசோமில் உள்ள ஜி.என்.ஏ.எஸ். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போய், அர்ஜினின் இடத்தில் ஹிஸ்டிடினோ சிஸ்டீனோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். வெட்டும் வேலை படுத்துவிடும். ஒரு தடவை திறந்த மதகு மூடாது. பிட்யூட்டரியிலிருந்து சொட்டு எஃப்.எஸ்.எச். வராவிட்டாலும் சினைப்பை உத்தரவு வந்துகொண்டே இருப்பதாக எண்ணி வேலை செய்யும்.

சினைப்பைக்குள் இதன் விளைவு ஒரு நீர்க்கட்டி. நீர்க்கட்டி என்றதும் இன்று எல்லோருக்கும் பி.சி.ஓ.டி. நினைவுக்கு வருகிறது, இது அதுவல்ல. பி.சி.ஓ.டி.யில் தெரிவன வளர்ச்சி பாதியில் நின்ற பல சிறு முட்டைப்பைகள். இங்கே பெரும்பாலும் ஒரு பக்கச் சினைப்பையில் மட்டும் ஒரு பெரிய பை, மெல்லிய சுவரோடு, தண்ணீர் நிரம்பி ஸ்கேனில் தெரியும். அதன் சுவரில் உள்ள உயிரணுக்கள்தான் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை. கட்டி வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறும். கருப்பையின் உள்சுவர் தடிக்கும். பிறகு ஒருநாள் அந்தக் கட்டி தானாகவே சுருங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்க, தடித்த உள்சுவர் நிலைக்க முடியாமல் உதிரும். அம்மா பார்த்த கறை அதுதான். முட்டை வெளிவந்து, கரு தங்காமல் வரும் மாதவிலக்கு அல்ல இது. அடுத்த கட்டி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்கு ஓரிரு மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேல். கட்டி சுருங்கிய மறுவாரம் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் இயல்பாகத் தெரியும், இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் குறைந்திருக்கும். 'ஒன்றும் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகள் இப்படித்தான் தவறவிடப்படுகிறார்கள். கறை கண்ட தேதிகளை அம்மா எழுதிவைத்திருந்தால் அந்தச் சீட்டு ஒரு ஸ்கேனுக்குச் சமம்.

இரத்தப் பரிசோதனையில் இன்னொரு தடயம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏறியிருக்கும் நேரத்திலும் எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அடிமட்டத்தில் கிடக்கும். மூளை உத்தரவு போடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தப் புரதத்தின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் அதைப் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம். காலரா கிருமி மனிதனை எப்படிக் கொல்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. கிருமியின் உடல் சிதையும்போது வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலப்பதால்தான் என்று ராபர்ட் காக் காலத்திலிருந்து நம்பிவந்தார்கள். கல்கத்தாவில் வசதி குறைந்த ஆய்வகத்தில் வேலை செய்த சம்புநாத் டே என்ற நோயியல் மருத்துவர், முயலின் குடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, அதற்குள் காலரா கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீரால் உப்பியது. பிறகு கிருமிகளை முழுவதும் வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தைச் செலுத்தினார். அப்போதும் உப்பியது. உயிருள்ள கிருமி வெளியே கக்கும் ஒரு நஞ்சுதான் குடலுக்குள் தண்ணீரை இறைக்கிறது என்று 1959இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவருக்கு நோபல் தர வேண்டும் என்று ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985இல் டே காலமானார்.

அந்த நஞ்சு குடல் உயிரணுவுக்குள் நுழைந்து எதைத் தாக்குகிறது என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அதே ஜி.எஸ். ஆல்ஃபா. அதிலும் அதே 201ஆவது அர்ஜினின். காலரா நஞ்சு அந்த அர்ஜினினில் ஒரு வேதித் துண்டை ஒட்டிவைத்து மதகை மூடவிடாமல் செய்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகி, உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கல்கத்தா முயலின் குடல் உப்பியதற்கும், நான்கு வயதுக் குழந்தையின் சினைப்பையில் கட்டி உப்புவதற்கும் மூலக்காரணம் ஒன்றே. வேறுபாடு காலத்தில்தான். குடலின் உள்சுவர் உயிரணுக்கள் சில நாளில் உதிர்ந்து புதியன வந்துவிடும். அதுவரை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து உடலில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் காலரா நோயாளி பிழைத்துக்கொள்வார். மரபணுவில் விழுந்த எழுத்துப் பிழையோ வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும்.

நோய்க்குப் பெயர் தந்த இருவரும் அமெரிக்கர்கள். நியூயார்க்கில் குழந்தை மருத்துவரான டோனோவன் மெக்கூன், எலும்புச் சிதைவும் தோல் திட்டும் முன்கூட்டிய பூப்பும் தைராய்டு மிகைப்பும் ஒருசேரக் கொண்ட ஒன்பது வயதுச் சிறுமியைப் பற்றி 1936இல் எழுதினார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் ஐந்து நோயாளிகளை வைத்து இது தனி நோய் என்று நிறுவினார். ஆல்பிரைட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. 1942இல் அவர் இன்னொரு நோயையும் விவரித்தார். அதில் உடல் ஹார்மோனைச் சுரக்கும், ஆனால் உறுப்புகள் அதற்குச் செவிசாய்க்கா. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க முடியாது. அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது: இரண்டும் ஒரே ஜி.என்.ஏ.எஸ். மரபணுவின் கோளாறுகள். ஒன்றில் மதகு மூடாது; மற்றதில் சரியாகத் திறக்காது. அதை அறிய ஆல்பிரைட் இல்லை. நடுக்குவாத நோய் முப்பதுகளிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. 1956இல் அதற்காகச் செய்த மூளை அறுவை சிகிச்சையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே பேச்சற்றுக் கிடந்து 1969இல் இறந்தார்.

எழுத்துப் பிழையை அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் லீ வைன்ஸ்டீன், ஆலன் ஸ்பீகல் உள்ளிட்டோர் 1991இல் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய முடிவில் விநோதமான ஒன்று இருந்தது. ஒரே நோயாளியின் சில திசுக்களில் பிழை நிறைய இருந்தது. வேறு சிலவற்றில் குறைவாக இருந்தது அல்லது இல்லவே இல்லை. ருடால்ஃப் ஹாப்பிள் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் இதை 1986இலேயே ஊகித்திருந்தார். உடல் முழுக்க இந்தப் பிழை இருந்தால் கரு உயிர்பிழைக்காது. கருவான பிறகு ஏதோ ஓர் உயிரணுவில் பிழை ஏற்பட்டு, அதன் வாரிசுகள் மட்டும் உடலில் அங்கங்கே கலந்திருந்தால்தான் குழந்தை பிறக்கும் என்றார் அவர். அது அப்படியே சரியாயிற்று.

பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மரபணு நோய் என்றதும் 'எந்த வழியில் வந்தது' என்று விசாரணை தொடங்கிவிடும். பெரும்பாலும் தீர்ப்பு மருமகள் மேல்தான் எழுதப்படும். இது எந்த வழியிலும் வரவில்லை. அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. கருத்தரித்த பிறகு, உயிரணுக்கள் பிரிந்து பெருகும் தொடக்க நாட்களில், எழுத்தைப் படியெடுக்கும்போது நேர்ந்த தற்செயல். சொந்தத்தில் கட்டியதால் வந்ததல்ல. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால் குழந்தையின் உடம்பில் திட்டு விழுந்துவிட்டது என்பதும் பொய். அடுத்த குழந்தைக்கு இது வருமோ என்ற அச்சம் வேண்டாம். இந்தக் குழந்தை வளர்ந்து தாயானாலும் அவள் பிள்ளைக்குப் போகாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கடந்ததாக நிறுவப்பட்ட நேர்வு இல்லை.

பிராய்லர் கோழியும் காரணமல்ல. நெய்வேலியைச் சுற்றி இருப்பவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும்: பழுப்பு நிலக்கரிச் சாம்பலா, சுரங்கத் தண்ணீரா? 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த மக்களுக்கு எதற்கெடுத்தாலும் சுரங்கத்தின் மேல் சந்தேகம் வருவதைக் குறை சொல்ல மாட்டேன். நிலம், நிலத்தடி நீர், காற்று பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு நோயை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சுரங்கமே இல்லாத ஊர்களிலும், எல்லா நாட்டுக் குழந்தைகளிடமும் இது காணப்படுகிறது. எந்த உணவும் எந்த மாசும் இதற்குக் காரணமாக அறியப்படவில்லை.

ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு முதல் பத்து லட்சம் பேரில் ஒருவர் வரை இந்த நோய் இருக்கலாம் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அப்படியானால் எழுபது பேருக்கும் எழுநூறு பேருக்கும் இடையில். அதே 2011இல் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வுக் கழக மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்து இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளியிட்டார்கள். ஆக, இது வெளிநாட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் நோயல்ல. மாவட்ட அளவில் ஒரு குழந்தை மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம் என்பதும் உண்மை. அதனால் வீட்டில் இருப்பவர்கள் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதைக் கவனிப்பது? முதலில் தோல். குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி முதுகுப் பக்கம் பாருங்கள். பிடரி, முதுகு, பிட்டத்தின் நடுப்பிளவையொட்டிய இடம்: பால்காப்பி நிறத்திலோ அதைவிட அடர்ந்தோ பெரிய திட்டு இருக்கிறதா? நம் மாநிறத் தோலில் அது மங்கலாகத் தெரியும், சாய்ந்த வெளிச்சத்தில் ஓரம் எடுப்பாகும். அந்த ஓரம் மழுங்கலாக இருக்காது. வெட்டு வெட்டாக, ஒழுங்கற்றுக் கிழிந்தது போலிருக்கும். உடலின் நடுக்கோட்டில் வந்ததும் பல நேரம் கத்தியால் அறுத்தது போல நின்றுவிடும், மறுபக்கம் தாண்டாது. பிறந்தபோதே அல்லது சில மாதங்களுக்குள் வந்திருக்கும். 'பிறவி மச்சம்' என்று வீட்டில் பெயர் வைத்து மறந்திருப்பார்கள். இரத்தக் கறைக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முதுகில் உள்ள திட்டைக் காட்ட யாருக்குத் தோன்றும்? காட்டுங்கள்.

அடுத்தது எலும்பு. எலும்பை உருவாக்கும் உயிரணுக்களிலும் அதே பிழை இருந்தால், அவை முற்றாமலே பெருகி, எலும்பின் உள்ளே நார்த்திசுவை நிரப்பிவிடும். எக்ஸ்ரேயில் அந்த இடம் தேய்த்த கண்ணாடி போல் மங்கலாகத் தெரியும். தொடை எலும்பின் மேற்பகுதி உடலின் எடையைத் தாங்க மாட்டாமல் வளைந்து, நடையில் சாய்வு வரும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் புடைக்கலாம். விளையாடும்போது சும்மா இடறி விழுந்தாலே கால் முறியும். நம் பக்கத்தில் கால் முறிந்தால் நேரே கட்டுப் போடும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எக்ஸ்ரே எடுக்காமலே கட்டிவிடுவதும் உண்டு. சின்ன விழுகைக்குப் பெரிய முறிவு என்றாலோ, அதே காலில் இரண்டாம் முறை முறிந்தாலோ எக்ஸ்ரே இல்லாமல் கட்டுப் போட விடாதீர்கள்.

சினைப்பை, தோல், எலும்பு என்ற மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே மருத்துவர் இந்த நோயை நினைக்க வேண்டும். இதே மதகு தைராய்டிலும் பிட்யூட்டரியிலும் அட்ரீனலிலும் இருப்பதால் அங்கேயும் மிகைச்சுரப்பு வரலாம். எலும்புத் திட்டுகள் அதிகமாக இருந்தால் சிறுநீரில் பாஸ்பேட் வீணாகி எலும்பு இன்னும் இளகும். மரபணுப் பரிசோதனை செய்து 'இல்லை' என்று வந்தாலும் நம்பி விட்டுவிட முடியாது. பிழை உடலில் அங்கங்கே மட்டும் இருப்பதால் இரத்தத்தில் அகப்படாமலே போகலாம். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, எக்ஸ்ரே எடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டிய நோய் இது.

மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வி பெற்றோரைத் துடிக்கவைக்கும்: குழந்தையிடம் யாராவது தவறாக நடந்திருக்க வாய்ப்பு உண்டா? கேட்கத்தான் வேண்டும். சிறு பெண் குழந்தைக்கு இரத்தம் கசிந்தால் அதையும் விலக்கிப் பார்ப்பது மருத்துவரின் கடமை. உண்மையாகவே ஐயம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, போக்சோ சட்டம் இருக்கிறது. மறுபுறம், சரியான நோயறிதல் ஒரு குற்றமற்ற குடும்பத்தைச் சந்தேகத்திலிருந்து மீட்டுவிடும். அப்பாவையோ மாமாவையோ மனசுக்குள் வைத்து அணு அணுவாகச் செத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, ஸ்கேனில் தெரியும் அந்தக் கட்டி எவ்வளவு பெரிய விடுதலை!

தைராய்டு குறைபாடும் இதே வேடம் போட்டுக்கொண்டு வரும். கடுமையான, நெடுநாள் கவனிக்காத தைராய்டு குறைவு சினைப்பையில் கட்டிகளையும் முன்கூட்டிய இரத்தக் கசிவையும் உண்டாக்கும் என்பதை வான் விக், கிரம்பாக் என்ற இருவர் 1960இல் விவரித்தார்கள். அந்தக் குழந்தை உயரமாகாது. எலும்பின் வயது பின்தங்கியிருக்கும். மெக்கூன்–ஆல்பிரைட் குழந்தையின் எலும்பு வயது முந்திக்கொண்டு ஓடும். இடது கையின் ஓர் எக்ஸ்ரேயும் ஒரு தைராய்டு பரிசோதனையும் போதும், பிரித்துவிடலாம். தைராய்டுதான் காரணம் என்றால் தைராக்சின் மாத்திரையிலேயே கட்டிகள் கரைந்துவிடும்.

சினைப்பையை அறுத்து எடுக்கும் தவறு எப்படி நடக்கிறது? சின்னக் குழந்தையின் வயிற்றில் பெரிய கட்டி, இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுதி. புற்றுநோயோ என்ற பதைப்பு. அப்படிப்பட்ட புற்றுக்கட்டிகள் உண்டு என்பதால் பதைப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்த நோயின் கட்டி வெறும் நீர், சில வாரம் பொறுத்தால் தானே சுருங்கும். முதுகின் திட்டைப் பார்க்காமல் கத்தியை எடுத்துவிட்டால் ஒரு சினைப்பை போய்விடும். நோய் போகாது, ஏனென்றால் மறுபக்கச் சினைப்பையிலும் பிழையுள்ள உயிரணுக்கள் இருக்கக்கூடும். கட்டி முறுக்கிக்கொண்டு உயிருக்கு ஆபத்தானால் அறுவை தேவைப்படும், அது வேறு.

மருந்திலும் இதே போன்ற குழப்பம் நேர்கிறது. மூளையிலிருந்து முன்கூட்டியே தொடங்கும் பூப்புக்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி உண்டு. அது பிட்யூட்டரியை அடக்கும். இங்கே பிட்யூட்டரி ஏற்கெனவே உறங்குகிறது. உறங்குபவரை அடக்கி என்ன பயன்? எனவே ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கும் லெட்ரோசோல், அல்லது அது வேலை செய்யும் இடத்தில் குறுக்கே நிற்கும் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள். மருந்துச் சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினால் 'இது மார்பகப் புற்றுநோய் மாத்திரையாச்சே' என்று கடைக்காரர் புருவம் உயர்த்துவார், அப்பா போனில் தேடிப் பார்த்து வெலவெலத்துப் போவார். பயப்பட வேண்டாம். புற்றுநோயிலும் அவை செய்யும் வேலை ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதே. எல்லாக் குழந்தைக்கும் மருந்து தேவைப்படாது. கசிவு எப்போதாவதுதான், எலும்பு வயதும் ஓடவில்லை என்றால் கண்காணித்தால் போதும். அடிக்கடி கசிந்தால், எலும்பு வயது முந்தினால் மருந்து வேண்டும். ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளர்நுனிகளை முன்கூட்டியே மூடிவிடும் என்பதுதான் காரணம். வகுப்பிலேயே உயரமாக நிற்கும் ஆறு வயதுக்காரி, பெரியவளானதும் எல்லோரையும்விடக் குட்டையாக நின்றுவிடுவாள். அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டையில் கோடு சட்டென்று மேலே பாய்ந்தால் சந்தோஷப்படுவதோடு நிறுத்தாமல் ஏன் என்றும் கேட்க வேண்டும்.

சில ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனில் ஊறிய மூளை, ஒரு கட்டத்தில் உரிய வயதுக்கு முன்பே விழித்துக்கொள்ளவும் கூடும். அப்போது அந்த ஊசியும் பலன் தரும். முன்பு பயன்படாத மருந்தை இப்போது ஏன் தருகிறார்கள் என்று குழம்ப வேண்டியதில்லை.

பெரியவளான பிறகும் சினைப்பையின் தன்னிச்சை முழுதும் அடங்குவதில்லை. மாதவிலக்கு ஒழுங்கின்றி வரலாம், குழந்தைப்பேறு தாமதமாகலாம். ஆனாலும் இயல்பாகவே கருத்தரித்துப் பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அந்தப் பரிசோதனையை மற்றவர்களைவிட இளம் வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். எலும்புக்கும் தைராய்டுக்கும் வாழ்நாள் கண்காணிப்பு வேண்டும். எலும்பு வலிக்கு ஊசி மருந்துகள் உண்டு, வளைந்த எலும்பை நிமிர்த்த அறுவை சிகிச்சை உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தும் மருந்து மட்டும் இன்னும் வரவில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அரைமணி, முக்கால் மணி நேரத்தில். அங்கே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஹார்மோன் மருத்துவர்கள் உள்ள புதுச்சேரி ஜிப்மருக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் தயங்காமல் சொல்லலாம். போகும்போது கறை கண்ட தேதிகள் எழுதிய சீட்டு, பழைய ஸ்கேன், பழைய எக்ஸ்ரே, முறிவுக்குக் கட்டுப் போட்ட விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சினைப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், உயிருக்கு அவசரம் இல்லாதவரை, இன்னொரு மருத்துவரிடம் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எட்டு வயதுக்குக் குறைந்த பெண் குழந்தைக்கு மார்பு வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ தென்னங்கீற்றில் குச்சு கட்ட வேண்டாம், மஞ்சள் நீர் ஊற்ற வேண்டாம், பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம், ஊருக்குத் தெரியக்கூடாதென்று மூடி மறைக்கவும் வேண்டாம். அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போய், சட்டையைக் கழற்றி முதுகையும் காட்டுங்கள்.